இலாபம் 6 இலட்சம், வங்கியில் 7 இலட்சம் குறைவு

உப்புவெளியில் மீன் வாடி வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “அண்ணை, கணக்காளர் இந்த வருசம் 6 இலட்சம் இலாபம் எண்டு எழுதித் தந்திருக்கிறார். வங்கிப் புத்தகத்தைப் பாத்தா போன வருசத்தைவிட 7 இலட்சம் குறைஞ்சு கிடக்கு. ஆர் சொல்லுறது சரி?”

இரண்டும் சரி. அவர் அனுப்பிய கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். வருடம் முழுக்க விற்றது 60 இலட்சம். மீன், ஐஸ், மண்ணெண்ணெய், கூலி என்று கொடுத்தது 52 இலட்சம். படகுக்குப் புது எஞ்சின் 10 இலட்சத்துக்குக் கைக்காசில் வாங்கியிருக்கிறார். விற்ற மீனில் 5 இலட்சத்துக்கான காசைக் கொழும்பு வியாபாரிகள் இன்னும் தரவில்லை. ஆக, கைக்கு வந்தது 55, போனது 62. வங்கியில் 7 குறைவது அதனால்தான்.

கணக்காளரின் கடிகாரம் வேறு. மீனைக் கைமாற்றிய நாளே அது விற்பனை. காசு வரும் நாளுக்கு அவர் காத்திருப்பதில்லை. இதற்கு அட்டுறு அடிப்படை என்று பெயர். வராத 5 இலட்சம் ‘கடன்பட்டோர்’ என்ற பெயரில் ஐந்தொகையில், அதாவது வருட முடிவில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று காட்டும் பட்டியலில், ஒரு சொத்தாக உட்கார்ந்துவிடும். சொத்துக்கள் ஒரு பக்கம், பொறுப்புக்களும் (கொடுக்க வேண்டிய கடன்கள்) உரிமையாண்மையும் (உரிமையாளரின் பங்கு) மறுபக்கம், இரண்டும் சமன் என்பது பள்ளியில் படித்ததுதான். எனவே 60இல் 52 போக 8. ஆனால் அவர் எழுதியது 6. அந்த 2 எங்கிருந்து வந்தது, எஞ்சினுக்குக் கொடுத்த 10 எங்கே போனது?

கணக்கீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: பெறுமானத் தேய்வு.

எஞ்சின் வாங்கிய அன்று வாசகர் ஏழையாகவில்லை. காசு என்ற சொத்து போய், எஞ்சின் என்ற சொத்து வந்தது. செலவு அன்று நடக்கவில்லை. எஞ்சின் கடலில் ஓட ஓடத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக மாறுகிறது. ஐந்து வருடம் உழைக்கும், பிறகு விற்றாலும் ஒன்றும் தேறாது என்று மதிப்பிட்டால், வருடம் 2 இலட்சம். இந்த வருடத்து மீன் இந்த வருடத்துப் பங்கைச் சுமக்கிறது, அடுத்த வருடத்து மீன் அடுத்த பங்கை. பலர் நினைப்பதுபோல இது எஞ்சினின் சந்தை விலையை அளப்பதல்ல. கொடுத்த விலையை, அதனால் பயன்பெறும் வருடங்களுக்குப் பகிர்வது.

சம பங்காகப் பிரிப்பது நேர்கோட்டு முறை. இன்னொன்று குறைந்து செல்லும் மீதி முறை: ஒவ்வொரு வருடமும் மிஞ்சியதில் 20 வீதம் கழிப்பது. 10 இலட்சம் 8 ஆகும், பிறகு 6.4, பிறகு 5.12. மூன்று வருடம் சற்றுக் கழிய, பாதி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது எங்கோ பார்த்ததுபோல் இருக்கும். ஆம், கதிரியக்கத் தேய்வின் அதே வடிவம், அரைவாழ்வுக் காலம் உட்பட! யுரேனியமும் உப்புவெளி எஞ்சினும் ஒரே வளைகோட்டில் இறங்குவதை வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் மட்டும் ஏன் படிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விஞ்ஞானப் பிரிவுக்கும் கணக்கீடு அவசியம்.

இனி, இலாபத்தையும் வங்கிக் காசையும் இணைத்துக் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்று. இலாபம் 6இல் தொடங்குங்கள். தேய்வு 2ஐத் திரும்பக் கூட்டுங்கள், ஏனென்றால் அந்த 2 இந்த வருடம் யார் கைக்கும் போகவில்லை. கடன்பட்டோர் 5ஐயும் எஞ்சின் 10ஐயும் கழியுங்கள். விடை, குறை 7. வங்கிப் புத்தகத்தின் அதே எண்.

பெரிய கொம்பனியின் ஆண்டறிக்கையைப் படிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஐந்து வருடம்’ என்பது மதிப்பீடு. அதையே பத்து வருடம் என்று மாற்றினால் தேய்வு 1 இலட்சமாகும், இலாபம் 7 ஆகும். ஒரு மீன்கூடக் கூடுதலாக விற்கவில்லை. மதிப்பீட்டை ஒவ்வொரு வருட முடிவிலாவது மீளாய்வு செய்யவும், ஆயுட்காலத்தையோ வீதத்தையோ வெளிப்படுத்தவும் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 கேட்கிறது. அது பின்பக்கத்துக் குறிப்புக்களில் இருக்கும். முன்பக்கத்து இலாபத்துக்கு முன் நான் அதைத்தான் தேடுவேன்.

மதிப்பீடு எவ்வளவு தவறலாம் என்பதைத் திருகோணமலையின் சீனன்குடாவில் பார்க்கலாம். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் பேசப்படுகின்றன. 2022இல் அவற்றுக்குப் புதிய உடன்படிக்கையும் கையெழுத்தானது. எந்த வழமையான வீதத்தில் கழித்தாலும் அவற்றின் ஏட்டுப் பெறுமதி (தேய்வு போகக் கணக்கில் மிஞ்சுவது) எப்போதோ ஒன்றுமில்லாமல் போயிருக்கும். ஆனாலும் சிலவற்றில் எண்ணெய் நிற்கிறது. மறுபக்கம், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எரிந்த குதத்தின் கதை தேய்வல்ல. ஒரே நாளில் பெறுமதி விழுவதற்குக் கணக்கில் வேறு பெயர், சேத இழப்பு. குதங்கள் நிற்கும் நிலத்துக்கோ தேய்வே இல்லை.

புத்தாண்டில் கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் எங்கள் வழக்கம் எனக்குப் பிடிக்கும். காசு குறைந்ததும் கண்ணூறு என்று எலுமிச்சங்காய் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குறைவு எங்கே என்பதை அந்தப் புத்தகமே காட்டுகிறது.

வாசகருக்கு ஒன்று. அடுத்த வருடமும் வியாபாரம் இப்படியே நடந்து, கடன்பட்டோரும் 5 இலட்சத்திலேயே நின்றால், இலாபம் 6, கையில் கூடுவது 8. அந்த 2 இலட்சத்தை எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள், அது எஞ்சினின் காசு. அதுவும் போதாமல் போகலாம். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. தேய்வு நீங்கள் கொடுத்த பழைய விலையில்தான் கழிகிறது. புது எஞ்சின் கடல் தாண்டி, அன்றைய டொலர் விலையில் வரும்.