5 சென்டிமீட்டர் துள்ளல்: டென்னிஸ் பழகும் பிள்ளைகளின் கால்கள் எப்போது புறப்பட வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் கபடி ஆடும் பிள்ளைகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். பாடி வருபவர் கோட்டைத் தாண்டியதும், தடுப்பவர்கள் முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை ஊன்றாமல், நின்ற இடத்திலேயே இலேசாகத் துள்ளிக்கொண்டிருப்பார்கள். அதே பிள்ளை டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததும் கவனம் முழுவதும் மட்டைக்குப் போய்விடுகிறது. கால்கள் தரையில் ஊன்றிக்கொள்கின்றன. பந்து வலையைத் தாண்டிய பிறகே ஓட்டம் தொடங்குகிறது. “வேகமா ஓடு” என்று பயிற்சியாளர் எவ்வளவு சத்தம் போட்டாலும் இது சரியாகாது, ஏனென்றால் பெரும்பாலும் பிசகுவது ஓட்டத்தின் வேகம் அன்று, புறப்படும் நேரம்தான்.

டென்னிஸ் ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்துக்கான அகலம் 8.23 மீட்டர். சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்த நீளத்தை ஏறத்தாழ 1.4 நொடியில் கடந்துவிடும். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்பதைக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கட்டளை கால் தசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சுமார் 0.2 நொடி கழிந்துவிடுகிறது. மீதமுள்ள 1.2 நொடிக்குள் ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும், மட்டையை வீசவும் வேண்டும்.

கழிந்துபோகும் அந்த 0.2 நொடியைப் பயனுள்ளதாக்குவதற்குத்தான் ‘ஸ்பிளிட் ஸ்டெப்’ என்னும் சிறு துள்ளல். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்ப, பந்தின் திசை புரியும் கணத்தில் தரையைத் தொட வேண்டும். இறங்கும்போது கெண்டைக்கால் தசையும் தொடையின் முன்தசையும் இழுபடுகின்றன. குதிகாலின் தசைநாண் சுருள்வில்லைப் போல ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. இழுபட்ட தசை தாமதமின்றிச் சுருங்கினால், ஓய்ந்து நின்ற தசையைவிட வலுவாகத் தரையை உதைக்கும். தாமதிக்கத் தாமதிக்கச் சேர்ந்த ஆற்றல் வெப்பமாகிப் போய்விடும்.

எவ்வளவு உயரம் துள்ளுவது? புவியீர்ப்பு விசையே இதற்கு விடை சொல்லிவிடுகிறது. 5 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.2 நொடி, அதாவது மூளை முடிவெடுக்கத் தேவைப்படும் அதே நேரம். 20 சென்டிமீட்டர் எழும்பினால் 0.4 நொடி. உற்சாகத்தில் உயரமாகத் துள்ளும் சிறுவன், பந்து வரும் பக்கம் தெரிந்த பிறகும் இன்னொரு 0.2 நொடி அந்தரத்தில் காத்திருக்கிறான். அங்கே எவ்வளவு பலமான காலாலும் ஒன்றும் செய்ய முடியாது, உதைப்பதற்குத் தரை இல்லை.

இதைச் சோதிக்கச் செட்டிநாட்டுச் செம்மண்ணைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். காலையில் தண்ணீர் தெளித்துப் படியவைத்த தரையில் பிள்ளை துள்ளி இறங்கிய தடத்தைக் குனிந்து பார்க்கலாம். முன்பாதம் மட்டும் அழுந்தி, தோள் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு தடங்கள் இருந்தால் இறக்கம் சரி. குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் உடலின் எடை பின்னால் சாய்ந்திருக்கிறது. அடுத்த அடிக்கு முன் அதை முன்னே கொண்டுவரவே நேரம் போய்விடும். (செம்மண் என்றவுடன் பிரெஞ்சு ஓபன் ஆடுகளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே சுண்ணாம்புக்கல் அடுக்கின் மேல் மெல்லிதாகத் தூவியிருப்பது செங்கல் பொடி.) வெயில் ஏறி மண் உலர்ந்ததும் மேலே நிற்கும் சரளைத் தூள் காலை வழுக்கிவிடும். பெரிய ஒரே அடியில் பிள்ளைகள் நிற்க முயன்று விழுவது அப்போதுதான். பந்தை நெருங்கும்போது அடிகளைச் சிறிதாக்கி, வேகத்தைப் பல அடிகளில் பகிர்ந்து குறைக்க வேண்டும் என்பதைச் சொற்களைவிட அந்தச் சரளை நன்றாகக் கற்பிக்கிறது.

புறப்படும் முதல் அடிக்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. சிமெண்ட் தரையில் பயிற்சியாளர் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, 1.5 மீட்டர் உயரத்தில் கைக்கொரு பந்தாகப் பிடித்திருப்பார். ஏதேனும் ஒன்றை மட்டும் விடுவார். எதிரே துள்ளலோடு நிற்கும் பிள்ளை அது இரண்டாம் முறை தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். விழுந்து, எழும்பி, மீண்டும் விழப் பந்துக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதே 1.4 நொடிதான். பயிற்சியாளரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிறுத்துவது என்பதைப் பிள்ளையின் உயரத்தையும் வயதையும் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் வலப்பக்கம் போக வேண்டுமானால் இடக்காலைச் சற்று முன்னதாக இறக்கி உதைக்கிறார்கள். இதைப் பத்து வயதில் வாயால் விளக்குவது வீண். பந்து விழும் பக்கம் தெரியாத பயிற்சியில் கால் தானாகவே கண்டுகொள்ளும்.

அடித்த பிறகு எங்கே திரும்புவது என்பதில் பல பயிற்சியாளர்கள் நடுக்கோட்டைக் காட்டுவது முழுக்கச் சரியன்று. எதிராளி அடிக்கக்கூடிய இரு எல்லைத் திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடமே நிற்க வேண்டிய இடம். வலப்பக்க மூலையிலிருந்து குறுக்காக அடித்தவருக்கு அந்த இடம் நடுவுக்கு வலப்புறமே அமைகிறது. நேராக அடித்தவர் நடுவையும் தாண்டி ஓட வேண்டும்.

இத்தனையும் பந்து பிள்ளைக்குப் பொருத்தமாக இருந்தால்தான் நடக்கும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை 2012 முதல் அனுமதிப்பதில்லை. சிவப்புப் பந்து அதைவிட 75 சதவீதமும், ஆரஞ்சு 50 சதவீதமும், பச்சை 25 சதவீதமும் மெதுவானவை. சிவப்புப் பந்துக்கான ஆடுகளம் சுமார் 11 மீட்டர் நீளம்தான். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உயரம் திடீரெனக் கூடும்போது, நன்றாகப் படிந்திருந்த துள்ளல்கூடச் சில மாதங்கள் பிசகும். குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலி என்று அந்த வயதுப் பிள்ளை சொன்னால், சிமெண்ட் தரைத் துள்ளலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பின் வளரும் பகுதியைத் தசைநாண் இழுப்பதால் வரும் வலியாக அது இருக்கக்கூடும்.