உருமாற்றமா, குறிபெயர்ப்பா?

ஈரோட்டில் ஒரு வீடியோ கடையில் கொடுத்த ரசீதில் 'காணொளி உருமாற்றம்' என்று எழுதியிருந்தது. அக்கா மகனின் திருமணப் பதிவு அது. என்னிடம் எம்கேவி கோப்பாக இருந்தது. அக்கா வீட்டுத் தொலைக்காட்சி எம்பி4 கோப்பைத்தான் திறக்கும். மறுநாள் வாங்கிவந்து போட்டுப் பார்த்தால், இணைச்சீர்ச் சடங்கின்போது மாப்பிள்ளையின் தங்கை உடுத்தியிருந்த பட்டின் சரிகை சிறுசிறு கட்டங்களாக உடைந்து கிடந்தது. மூலக் கோப்பிலோ அந்தச் சரிகையில் மாங்காய்களை எண்ணலாம்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறோமே, அதன்மேல்தான் கோபம்.

'கன்வெர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் 'உருமாற்றம்' என்று எழுதுகிறார்கள். 'கன்வெர்ட்' என்பது திருப்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'உரு' என்றால் வடிவம். சொல்வரலாறு இவ்வளவு போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

எம்கேவி, எம்பி4 இரண்டும் கொள்கலன்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரைத் தழுவித்தான் எம்கேவிக்கு 'மட்ரோஸ்கா' என்று பெயரிட்டார்கள். கொள்கலனுக்குள் படமும் ஒலியும் தனித்தனிக் குறிமுறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். 2003இல் வந்த எச்.264 அத்தகைய ஒரு குறிமுறை. என் கோப்பில் படம் இருந்தது எச்.264இல்தான், எம்பி4 அதை அப்படியே ஏற்கும். ஆகவே கொள்கலனை மாற்றினாலே போதும். பிறகு எஃப்எஃப்எம்பெக் நிரலைக் கொண்டு நானே மாற்றினேன்; ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சரிகையும் சிதையவில்லை. கடையில் செய்ததோ படத்தை முழுக்கப் பிரித்து மீண்டும் சுருக்கும் வேலை.

திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே விளங்கும். பனியன் பெட்டிகளை ஒரு கன்டெய்னரிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றினால் பனியனுக்கு ஒன்றும் ஆகாது. பனியனையே நூலாகப் பிரித்து மறுபடி பின்னினால்? இழை நையாமல் இருக்குமா?

இந்த இரண்டையும் 'உருமாற்றம்' என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் உருமாறிய பாறை இருக்கிறது. உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவரைக் கேளுங்கள்: புழு கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாவதுதான் உருமாற்றம். அங்கே பழைய உருவம் போய்ப் புதிய உருவம் வருகிறது. என் கோப்பில் எந்த உரு மாறியது? மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே இருக்கிறார். சடங்குகளை நடத்திவைத்த அருமைக்காரர் அருமைக்காரராகவே இருக்கிறார். திரையில் தெரியும் உரு மாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்கிற வேலைக்கு 'உருமாற்றம்' என்று பெயர் வைப்பது நேர்முரண். 'தூய தமிழ்தானே' என்கிறார்கள். தூய்மை எனக்கும் வேண்டும்; ஆனால் பொருளைக் குழப்பும் தூய்மை யாருக்கு?

முதல் வேலையைக் 'கலன்மாற்றம்' என்போம். கொள்கலன் என்ற சொல் செய்தித்தாளிலேயே புழங்குகிறது. இரண்டாவதைக் 'குறிபெயர்ப்பு' என்போம். வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது தொல்காப்பியம் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்கிறது. ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பு என்றால், ஒரு குறிமுறையில் உள்ளதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது குறிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் கொஞ்சம் இழக்கிறோம் என்பது எல்லோரும் அறிந்தது. அந்த எச்சரிக்கையும் இந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. 'மறுகுறியாக்கம்' என்பாரும் உண்டு. குறியாக்கம் என்பதைத் தகவலைப் பூட்டி மறைக்கும் வேலைக்கும் சிலர் எழுதுவதால் அதை ஒதுக்குகிறேன்.

மென்பொருள்களைத் தமிழாக்குவோர் பலர் அந்த மென்பொருளைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை. சொற்பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக நிரப்புகிறார்கள். பென்டிரைவில் உள்ளதையெல்லாம் துடைத்துவிடும் 'ஃபார்மட்' கட்டளைக்கு 'வடிவமை' என்று பெயரிட்டால், கோபியில் இருக்கும் என் சித்தப்பா அதை அழகுபடுத்தும் பொத்தான் என்று எண்ணி அழுத்தமாட்டாரா?

அடுத்த பதிவைக் கொடுத்தபோது, 'கலன்மாற்றம் மட்டும். குறிபெயர்ப்பு வேண்டாம்' என்று ரசீதில் நானே எழுதினேன். கடைக்காரர் பொருள் கேட்டார். பனியன் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கணினிப் பக்கம் திரும்பியவர், காத்திருக்கச் சொல்லி அங்கேயே முடித்துக் கொடுத்துவிட்டார்.