சுழியோடியின் ‘போயா’: குறிமிதவையும் எழுப்புபையும்

வன்னிக் கரையோரத்தில், வலையின் முனையைக் காட்ட விடப்படும் றெஜிபோம் துண்டும் வாயை இறுக்கி மூடிக் கட்டிய வெறும் பிளாஸ்ரிக் கலனும் ஒருசேரப் ‘போயா’ என்றே வழங்கும். அலுமாரி, கதிரை என்பவற்றைப் போல இதுவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். (விடுமுறை நாளான போயாவுக்கு இதனோடு உறவில்லை, அது பாளியின் ‘உபோசத’ சிங்களத்தில் திரிந்து வந்தது.) இதன் வேர் குறித்து இரு கருத்துகள் உண்டு: தளை, விலங்கு எனப் பொருள்படும் இலத்தீன் சொல் என்பது ஒன்று, அடையாளம் எனப் பொருள்படும் பழைய செருமானியச் சொல் என்பது மற்றது. சங்கோ கடலட்டையோ தேடி மூழ்கியிருப்பவருக்கு மேலே மிதப்பதற்கு இரண்டுமே பொருந்துகின்றன. அது கயிற்றால் தளைப்பட்டிருப்பதோடு, அவர் இருக்குமிடத்தை வரும் படகுகளுக்கு அறிவித்து, சுழலும் விசிறியிலிருந்து அவரைக் காக்கவும் செய்கிறது.

நீரடியில் காற்று நிரப்பிப் பாரம் கிளப்பும் பையையும் அதே பெயரால் அழைத்து, ஒன்றை வாங்கி இரண்டு வேலைக்கும் பயன்படுத்த முனையும்போதுதான் சிக்கல் எழுகிறது. அடையாளத்துக்கானது ஒடுங்கி நீண்டதாக, செம்மஞ்சள் போன்ற எடுப்பான நிறத்தில், அலையில் சரிந்தாலும் காற்று வெளியேறாதபடி வாய் அடைபட்டதாக, மிகையழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வுடன் இருத்தல் வேண்டும். நீரடியிலிருந்து அதை மேலே விடுபவர் கயிற்றுச் சுருளைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். உடலில் கொளுவி வைத்தால், சுருள் இறுகும்போது அவரும் மேலே இழுபடுவார்.

பாரம் கிளப்பும் பைக்குக் கணக்கு வேறு. 50 கிலோகிராம் இரும்பு நங்கூரம் ஏறத்தாழ 6.4 லீற்றர் நீரை விலக்குவதால், கடலினுள் அதன் எடை 43.5 கிலோகிராம் அளவுக்குக் குறைகிறது. அதைத் தூக்க 42 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட காற்றுப் போதும். ஆகவே 50 லீற்றர்ப் பையே தகுந்தது. பெரியது நல்லதென்று 100 லீற்றர்ப் பையை எடுப்பது, என் பார்வையில், பணத்தை மட்டுமன்றி ஆளையும் பணயம் வைப்பதாகும். 10 மீற்றர் ஆழத்தில் உள்ள அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருமடங்காகையால், அங்கே நிரப்பிய காற்று மேலே வரவர இருமடங்காக விரியும். பெரிய பையில் அதற்கு இடமிருப்பதால் தூக்குவிசை ஏறிக்கொண்டே போய், பாரம் அம்பாகப் பாயும். அளவான திறந்தவாய்ப் பையிலோ மிகுந்த காற்று அடிவாயால் குமிழிட்டு வெளியேறிவிடும். சேற்றில் புதைந்த நங்கூரத்துக்கு இது இன்னும் முக்கியம். சேற்றின் பிடியை வெல்ல மேலும் மேலும் காற்றை ஊதிய பின், பிடி விட்ட கணத்தில் அவ்வளவு விசையும் ஒன்றாக வேலை செய்யும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘மித’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘மிதவை’ எல்லா வகைக்கும் பொதுப்பெயராக நிற்கலாம். பழந்தமிழ்ப் ‘புணை’ அழகிய சொல்லாயினும், ஆளைச் சுமந்து கரைசேர்ப்பதைக் குறிப்பதால் இங்கே ஒவ்வாது. இடம் காட்டுவதற்குக் ‘குறிமிதவை’ என்பது பொருளும் சுருக்கமும் உடையது. மற்றதைத் ‘தூக்குப்பை’ என்றால் சந்தைக்குக் கொண்டுபோகும் பையே நினைவுக்கு வருமாதலால், ‘எழுப்புபை’ என்பதையே ஏற்கலாம். வினைத்தொகையாகையால் இடையில் ‘ப்’ மிகாது.