தேருக்கு முட்டுக்கட்டை, செல்லுக்கு பாஸ்பட்டேஸ்

பழுத்த வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். இட்டு மூன்று மணி நேரத்தில், உள்ளிருக்கும் மஞ்சள் கருவைச் சுற்றிச் சுமார் 6,000 செல்கள் ஒரே அடுக்காக நிற்கின்றன. அடுத்த கால் மணி நேரத்துக்குள் வயிற்றுப் பக்கத்துச் செல்கள் நீளவாக்கில் உள்ளே மடிந்துவிடுகின்றன. ஈயின் தசைகள் இந்தச் செல்களிலிருந்து பிற்பாடுதான் உருவாகும். தசையே இல்லாத கருவில் இழுப்பது யார்?

தசையை இயக்கும் அதே ஆக்டின், மயோசின் புரதங்கள்தான். செல்லின் வெளிமுகத்துக்கு அடியில் ஆக்டின் இழைகள் வலையாகக் கிடக்கின்றன. மயோசின் அவற்றைப் பற்றி இழுக்க, வலை சுருங்குகிறது. வலையின் ஓரங்கள் பக்கத்துச் செல்களோடு பிணைந்திருப்பதால் வெளிமுகமும் கூடவே சுருங்கி, செல் ஆப்பு வடிவம் கொள்கிறது. வரிசையாக எல்லாச் செல்களும் ஆப்பாகிவிட்டால் அந்த அடுக்கு வளையாமல் என்ன செய்யும்?

மயோசின் கேட்பாரின்றி இழுப்பதில்லை. ரோ என்ற புரதம் 'ராக்' என்ற நொதியை முடுக்கிவிட, அந்த நொதி மயோசினில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, இழுப்பு தொடங்குகிறது. பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி அந்த பாஸ்பேட்டைக் கழற்றிவிட, இழுப்பு ஓய்கிறது. (ராக் நொதியை மட்டுப்படுத்தும் சொட்டு மருந்தைக் கண் அழுத்த நோய்க்கு இன்று மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள்.)

செல்லின் விளிம்பைச் சுற்றியுள்ள பட்டை சீராக இறுகுவதால்தான் முகம் சுருங்குகிறது என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2009-இல் ஆடம் மார்ட்டின், மத்தியாஸ் காஷுபே, எரிக் வீஷாஸ் மூவரும் மயோசினை ஒளிரவைத்துப் படமெடுத்தபோது தெரிந்தது வேறு. மயோசின் முகத்தின் நடுவில் புள்ளிகளாகத் திரள்கிறது, இழுக்கிறது, கலைகிறது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் திரள்கிறது. இடைவெளியில் செல் பழைய அளவுக்கு விரிவதில்லை. வடம் பிடிப்பவர்கள் மூச்சு வாங்கும்போது தேரை நிறுத்திவைக்கும் முட்டுக்கட்டை போல ஏதோ ஒன்று அங்கே வேலை செய்கிறது. அதற்குத் தேவையானது 'ட்விஸ்ட்' என்ற மரபணு. அது செயல்படாவிட்டால் திரண்டு கலையும் இந்தத் துடிப்பு இருக்கும், சுருக்கம் நிலைக்காது. 'ஸ்னெயில்' என்ற மரபணு செயல்படாவிட்டால் துடிப்பே இல்லை.

விட்டுவிட்டு இழுப்பது வீண்வேலை என்று தோன்றலாம். மார்ட்டினின் குழு 2014-இல் இதையே சோதித்தது. பாஸ்பேட் நிரந்தரமாக ஒட்டியிருப்பது போன்ற மயோசினைக் கருவுக்குக் கொடுத்தார்கள். துடிப்பு நின்றது, செல்கள் ஓய்வின்றிச் சுருங்கின. ஆனால் திசு உள்ளே மடியும் நேரத்தில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான வலைத் தொடர்பு அறுந்துபோனது. ஒட்டும் நொதிக்குக் கிடைக்கும் பெயரில் பாதியாவது கழற்றும் நொதிக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

2018-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் இன்னொரு குழு ஒளியைக் கொண்டு ரோ சமிக்ஞையை முடுக்கி, இயல்பாக மடியாத திசுவிலும் மடிப்பை உண்டாக்கியது. ஒளியை எப்படிப் பாய்ச்சினார்கள் என்பதைப் பொறுத்துச் செல்கள் விட்டுவிட்டோ தொடர்ச்சியாகவோ சுருங்கின.