ஆண், பெண், இருபால்: பப்பாளிப் பூவின் கணக்கு

பப்பாளித் தோட்டத்தில் ஒரு குழிக்கு இரண்டு மூன்று கன்றுகளாக நடுவது வழக்கம். நாலைந்து மாதம் கழித்துப் பூ எட்டிப் பார்க்கும்போதுதான் எது ஆண், எது பெண் என்று தெரியும். வேண்டாததை அப்போது வெட்டிவிடலாம்.

பூ வந்துவிட்டால் குழப்பமே இல்லை. ஆண் மரத்தில் நீண்டு தொங்கும் காம்பில் கொத்துக் கொத்தாக ஒல்லிப் பூக்கள். உள்ளே பத்து மகரந்தத் தாள்கள், காயாக வளரவேண்டிய சூற்பை பெயருக்கு மட்டும். பெண் பூவோ தண்டை ஒட்டித் தடித்து உட்கார்ந்திருக்கும். இதழை விலக்கினால் உருண்டைச் சூற்பை, அதன் தலையில் விசிறியாய் விரிந்து மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூலகமுடிகள். மகரந்தத் தாள் ஒன்றுகூட இருக்காது. மூன்றாவது, இருபால் பூ: நீண்ட சூற்பை, சுற்றிலும் மகரந்தத் தாள்கள். பெண் மரத்துக் காய் உருண்டையாகவும் இருபால் மரத்துக் காய் நீளமாகவும் இருப்பது இதனால்தான். ஒரே இனத்துக்குள் இப்படித் தெளிவாகப் பிரிந்த வடிவங்கள் சேர்ந்து வாழ்வதைப் பல்லுருத்தோற்றம் என்பார்கள்.

வடிவத்தைத் தீர்மானிப்பது ஒரு ஜோடி குரோமோசோம். இரண்டும் எக்ஸ் என்றால் பெண். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஆண். ஒய்யிலிருந்து சற்றே மாறிய ஒய்-ஹெச் சேர்ந்தால் இருபால். நடு அமெரிக்காவில் மனிதர்கள் பப்பாளி வளர்த்த காலத்தில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், இந்த ஒய்-ஹெச் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது மரபணு ஒப்பீடு.

வில்லங்கம் இனிமேல்தான். எக்ஸ் இல்லாமல் இரண்டு ஒய் சேர்ந்த கரு, எந்த வகை ஒய்யானாலும், பிழைக்காது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே சூலுற்றால் நாலில் ஒரு பங்கு கரு வீண். மிஞ்சுவதில் இரண்டு இருபாலுக்கு ஒரு பெண். அந்த இருபால் கன்றுகளும் ஓர் எக்ஸைச் சுமப்பவையே. ஆகவே எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் பெண் கன்று வந்துகொண்டேதான் இருக்கும். ‘நூற்றுக்கு நூறு இருபால் விதை’ என்று யாராவது விற்க வந்தால், நான் விலைகூடக் கேட்க மாட்டேன்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகங்களில் கோ 2 ஆண்-பெண் வகை. 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் விட்டால் போதும். கோ 3, கோ 7 பெண்-இருபால் வகை. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் இருபால் இருப்பதால், அங்கே வெட்டுப்படுவது பெண்.

இருபால் மரத்துக்குத் தட்பவெப்பமும் ஒரு தொல்லை. கோடை வெயில் ஏறினால் சூற்பை சுருங்கி, பூ ஆண் பூவாகவே நின்றுவிடும், காய் பிடிக்காது. குளிரில் மகரந்தத் தாள்கள் சூற்பையோடு ஒட்டிக்கொண்டு கோணல் காய் வரும். பெண் மரம் இப்படி ஆடுவதில்லை. பக்கத்திலிருந்து மகரந்தம் கிடைத்தால் காய்த்துக்கொண்டிருக்கும்.