ஹேர் டையில் கண்டிஷனர் கலக்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

போன சித்திரையில், மதுரை வெயில் உச்சியைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கல்லூரிப் பெண் ஒருத்தி தலையைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பார்லருக்குள் வந்தாள். கூடவே அவள் அம்மா. வருகிற வழியெல்லாம் அர்ச்சனை நடந்திருக்கிறது என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. “அவுத்துக் காட்டுடி அக்காகிட்ட” என்றார் அம்மா. அவிழ்த்தாள். முன்பக்கம் இரண்டு கற்றை, பல நாள் மாற்றாத தொட்டித் தண்ணீரில் படிகிற பாசியின் நிறத்தில் இருந்தது.

அவள் ஆசைப்பட்டது வெளிர் நீலம். எங்கேயோ ப்ளீச் செய்துகொண்டு, குளிக்கக் குளிக்க மங்கிப் போகிற செமி பெர்மனென்ட் ரகத்தில் நீல டை ஒன்றை வாங்கி, “நிறைய கண்டிஷனர் கலந்தால் இளநிறம் வரும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு ஸ்பூன் டைக்குப் பத்து ஸ்பூன் கண்டிஷனர் கலந்திருக்கிறாள். “கிண்ணத்துல பார்த்தப்ப பேபி ப்ளூவாத்தான்க்கா இருந்துச்சு” என்றாள். கிண்ணம் வெள்ளை, முடி மஞ்சள். நம் ஊர்க் கருமுடியை ஒருமுறை ப்ளீச் செய்தால் வெள்ளையாகாது. ஆரஞ்சு அல்லது மஞ்சளில் போய் நிற்கும். டையை அப்படியே பூசியிருந்தால் அடர் நீலம் அந்த மஞ்சளை ஓரளவு அமுக்கியிருக்கும். பத்து மடங்கு நீர்த்த நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சைதானே.

பயப்பட ஒன்றுமில்லை. பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு, மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. சிவப்பு கலந்த ஊதா டையில் கடுகளவு எடுத்து, அதையும் கண்டிஷனரில்தான் கலந்து, பத்து நிமிடம் வைத்துக் கழுவினேன். நீலம் வரவில்லை. சாம்பல் பூத்த ஒரு நிறம் வந்தது. அம்மாவுக்குக்கூட அது பரவாயில்லை என்றுதான் தோன்றியது.

ஆக, டையில் கண்டிஷனர் கலப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பார்லரில் நாங்களும் கலக்கிறோம். எந்த டையில், எப்போது என்பதில்தான் வீட்டில் சறுக்குகிறது.

முதலில் எந்த டை என்பதைப் பார்ப்போம். கடையில் “செமி பெர்மனென்ட்” என்று வாய்மொழியாகச் சொல்லி விற்கிற எல்லாமே அது அல்ல. உண்மையான செமி பெர்மனெண்டில் நிறம் ஏற்கெனவே தயாராக இருக்கும். டியூபைப் பிதுக்கினால் நீலம் நீலமாகவே வரும், பர்கண்டி பர்கண்டியாகவே வரும். அதில் கலக்க டெவலப்பர் என்று இரண்டாவது பாட்டில் கிடையாது, ஹைட்ரஜன் பெராக்சைடு கிடையாது. அந்த நிறம் முடியின் மேலடுக்கிலும் அதற்குச் சற்று உள்ளேயும் உட்கார்ந்துகொண்டு, தலைக்குக் குளிக்கக் குளிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஆறு முதல் பன்னிரண்டு அலசல் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு.

பெர்மனென்ட் டை வேறு ரகம். பிதுக்கும்போது வெள்ளையாகவோ வெளிறியோ வரும். டெவலப்பரோடு கலந்ததும் கிண்ணத்திலேயே கறுக்க ஆரம்பிக்கும். நிறம் முடிக்குள்தான் உருவாகிறது. அந்த வேதிவினைக்கு பெராக்சைடும், முடியைச் சற்று உப்ப வைக்க அமோனியா போன்ற காரமும் வேண்டும். கறுப்பு, அடர் பழுப்பு ரகங்களில் பி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் பாரா ஃபினிலின் டையமீன் பெரும்பாலும் இருக்கும். ‘ஷாம்பு டை’ என்று சின்னப் பாக்கெட்டில் வருகிறதே, ஐந்து நிமிடத்தில் கறுப்பாக்குவது, அதுவும் பெரும்பாலும் இந்த ரகம்தான். பேரில்தான் ஷாம்பு. தண்ணீரில் குழைத்துப் பூசுகிற பவுடர் டையும் அப்படியே. ஒற்றைப் பாக்கெட்டாக இருந்தாலும் வினைபுரிய வேண்டியது எல்லாம் அந்தப் பொடிக்குள்ளேயே கலந்திருக்கும். குழைத்து வைத்த பிறகு நேரம் ஆக ஆகக் கறுத்தால் அது செமி பெர்மனென்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். “அமோனியா இல்லை” என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். அமோனியாவுக்குப் பதில் எத்தனாலமைன் என்ற வேறொரு காரம் இருக்கும், பி.பி.டி.யும் கூடவே இருக்கலாம்.

இந்த ரகத்தில் கண்டிஷனரைக் கலக்கவே கலக்காதீர்கள். கண்டிஷனர் அமிலத் தன்மை உள்ளது. டைக்குத் தேவையான காரத்தை அது குறைக்கிறது, டெவலப்பரையும் நீர்க்கச் செய்கிறது. வினை பாதியில் தொய்கிறது. நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், நரை அப்படியே நிற்கும். நமக்குப் பொறுமை போய், அரை மணி நேரம் வைக்க வேண்டியதை ஒன்றரை மணி நேரம் வைப்போம். அரைகுறையாக வினைபுரிந்த ரசாயனம் அத்தனை நேரமும் தலைத்தோலில் உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் புருவம் திருத்த வருகிற ஒரு அக்கா இதைத்தான் செய்தார். முடி வறண்டு போகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஷாம்பு டையில் இரண்டு ஸ்பூன் கண்டிஷனர். மறுநாள் காலையில் போட்டோ அனுப்பினார். நெற்றி வீங்கி, காது மடல் தடித்து, ஒரு கண் திறக்கவே இல்லை. டாக்டரிடம் ஓடுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். அந்த அலர்ஜிக்குக் கண்டிஷனர் காரணமில்லை. முந்தைய இரண்டு தடவையும் தலை அரித்திருக்கிறது, அவர் பொருட்படுத்தவில்லை. பி.பி.டி. அலர்ஜி இப்படித்தான், வருடக் கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் எழுந்து நிற்கும். கல்யாண வீட்டில் வைக்கிற கறுப்பு மெஹந்தியிலும் இதைக் கலப்பதுண்டு. கறுப்பு மெஹந்தி வைத்துக் கை கொப்பளித்தவர்கள் பி.பி.டி. உள்ள டை பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

செமி பெர்மனெண்டுக்கும் அலர்ஜி சோதனை வேண்டும். கண்டிஷனர் கலக்காத டையைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். கலந்ததை வைத்துப் பார்ப்பது அரைச் சோதனை. புருவம், கண்ணிமை பக்கம் எந்த டையும் வேண்டாம்.

சரி, கையில் இருப்பது அசல் செமி பெர்மனென்ட்தான். இனி எப்போது கண்டிஷனர்?

முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ப்ளீச் செய்த, அடிபட்ட முடியில் இன்னும் அதிகம். கண்டிஷனரில் வேலை செய்கிற பொருள்கள் நேர்மின்னூட்டம் உள்ளவை. அதனால்தான் முடியில் ஒட்டி வழவழப்பாக்குகின்றன. பளிச் நிற செமி பெர்மனென்ட் டைகளில் பலவற்றின் நிறமிகளும் நேர்மின்னூட்டம் உள்ளவையே. இரண்டும் ஒரே சீட்டுக்கு அடித்துக்கொள்கின்றன. டை போடுவதற்கு முன்னால் கண்டிஷனர் போட்டுக் குளித்தால், அது பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி. அப்புறம் ஏறுகிற நிறம் நின்றுகொண்டே வந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும். டை போடுகிற அன்று ஷாம்பு மட்டும் போட்டு அலசி, துவட்டி, காயவிட்டு ஆரம்பியுங்கள். எண்ணெயும் இருக்கக் கூடாது. முதல் நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் வைத்தவர்கள் இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டும்.

டையோடு கலந்தால் இருவரும் ஒன்றாக ஏறுகிறார்கள். சில சீட் நிறத்துக்கு, சில சீட் கண்டிஷனருக்கு. நிறம் வெளிறும், பரவலாகப் பிடிக்கும், ஆயுளும் கொஞ்சம் குறையும். எனவே கலப்பதற்கு உருப்படியான காரணம் ஒன்றுதான்: நிறத்தை இளசாக்குவது. ‘முடிக்கு நல்லது’ என்று கலக்கத் தேவையில்லை. செமி பெர்மனென்ட் பெரும்பாலும் கண்டிஷனர் போன்ற கிரீமில்தான் வருகிறது. ஷாம்புவில் கலந்தால் என்ன என்று கேட்பார்கள். சாதாரண ஷாம்புவில் இருப்பது எதிர்மின்னூட்டம். நிறமியை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும், முடிக்கு மிச்சம் வராது.

கலக்க எடுக்கிற கண்டிஷனர் வெள்ளையாக, எளிமையானதாக இருக்கட்டும். பாட்டிலின் பின்பக்கம் டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் என்று ‘கோன்’ என முடிகிற பெயர்கள் பட்டியலின் மேல்பக்கத்தில் இருந்தால் அது வேண்டாம். அவை சிலிகோன்கள், முடிமேல் மெல்லிய உறை போட்டு நிறத்தைத் தடுக்கும். விலை கூடிய ‘ஸ்மூத்’ ரகங்களில் இவை அதிகம். இந்த ஒரு விஷயத்தில் மலிவான கண்டிஷனர்தான் உசத்தி.

அளவு? தோள் வரை முடிக்கு 100 மில்லி கலவை போதும். கொஞ்சம் இளசாக்க ஒன்றுக்கு ஒன்றில் தொடங்குங்கள். ரொம்ப வெளிறிய நிறம் வேண்டுமென்றால், கண்டிஷனரைச் சேர்த்துக்கொண்டே போவதைவிட, கண்டிஷனரைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அதில் டையைச் சொட்டுச் சொட்டாக விடுவது சிக்கனம். தலையில் பூசுவதற்கு முன், சீப்பில் சிக்கியிருக்கிற உங்கள் முடியையே உருட்டி அந்தக் கலவையில் அரை மணி நேரம் போட்டுக் கழுவிப் பாருங்கள். கிண்ணம் சொல்லாததை அது சொல்லும்.

கருமுடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செமி பெர்மனென்ட் முடியை வெளுக்காது. கருகரு முடியில் பர்கண்டி பூசினால் வெயிலில் நின்றால் ஒரு மினுக்கு தெரியும், அவ்வளவே. அதில் கண்டிஷனரும் கலந்தால் அந்த மினுக்கும் போச்சு. ஆனால் நரை இருக்கிற இடத்தில் மட்டும் அது பளிச்சென்று ரோஜா நிறம் காட்டும். மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் காதோரம் இரண்டு பக்கமும் ரோஸ் நிறத்தோடு வந்த ஒரு டீச்சரை நான் மறக்க முடியாது. நரைக்கு பழுப்பு நிறங்களே பாதுகாப்பு. இதற்காக வீட்டில் ப்ளீச்சைத் தொடாதீர்கள். அது தனிக் கதை.

கண்டிஷனருக்கு உண்மையான இடம் கடைசியில்தான். டையை அட்டையில் சொன்ன நேரம் வைத்து, வெந்நீர் இல்லாமல் பச்சைத் தண்ணீரில், ஓடுகிற தண்ணீர் ஏறக்குறைய தெளிகிற வரை அலசுங்கள். டைக்குப் பிறகு அன்று ஷாம்பு கிடையாது. அப்புறம் கண்டிஷனர் மூன்று நிமிடம். நிறம் உட்கார்ந்தாகிவிட்டது, இனி கண்டிஷனர் மேலடுக்கைப் படியவைத்துக் கதவைச் சாத்தும். அடுத்த இரண்டு மூன்று நாள் ஷாம்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடுகிறவர்கள் அந்த வாரம் மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெயைப் போக்கத் தேய்க்கிற தேய்ப்பில் நிறமும் போகும். உப்புப் போர் தண்ணீர் உள்ள வீடுகளில் சுண்ணாம்பு படிந்து நிறம் மங்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்தில் நிறம் மங்கும்போதுதான் கலவை நன்றாகக் கைகொடுக்கிறது. ஒரு டப்பா கண்டிஷனரில் இரண்டு மூன்று ஸ்பூன் அதே டையைக் கலந்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை ஷாம்புக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம் போட்டால் நிறம் தேறும். மறுபடி முழு டை போட வேண்டிய இடைவெளி நீளும். தண்ணீர் சேர்க்காதீர்கள், ஈரக் கையை உள்ளே விடாதீர்கள். கெட்ட வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். தலையணை உறையும் வேர்வை படுகிற வெள்ளைக் காலரும் கறைபடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அந்த ரோஸ் காதோர டீச்சருக்கு இப்போது பழுப்பில் இப்படி ஒரு டப்பா உண்டு. போன மாதம் அவருடைய வீட்டுக்காரர் அதைச் சாதாரண கண்டிஷனர் என்று எடுத்துத் தலைக்கும் தாடிக்கும் தேய்த்துக்கொண்டு, செம்பட்டைத் தாடியோடு ஆபீஸ் போயிருக்கிறார். இப்போது டப்பாமேல் பெரிய எழுத்தில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறதாம்: “இது டை. உங்களுக்கு இல்லை.”