தனி ஊராட்சி கேட்கப் போகிறீர்களா? முதலில் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள்

பென்னாகரம், அஞ்செட்டி மலைப்பக்கத்துக் குக்கிராமங்களில், எரியாத தெருவிளக்கைச் சொல்ல ஊராட்சி அலுவலகம் போனாலே அரைநாள் கூலி போய்விடும். தனி ஊராட்சி கேட்பது நியாயம்தான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 4-ன்படி 500 பேருக்குக் குறையாத பகுதியைத் தனி ஊராட்சியாக அறிவிக்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வெறும் மனு கொடுத்துவிட்டு வராதீர்கள். அது ஊராட்சிகள் உதவி இயக்குநர், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), ஊராட்சி செயலர் என்று இறங்கி, ‘கிராம சபைத் தீர்மானம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

மக்கள் ஏமாறுவது கிராம சபையில்தான். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை. கூட்டம் தாய்கிராமத்தில், அதாவது இப்போதைய ஊராட்சியின் முக்கிய ஊரில் என்றால் டெம்போ பிடித்தாவது போங்கள். தீர்மானப் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். பிறகு அதன் மேலே ‘கோரிக்கை பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிவிட்டால் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். தீர்மான எண், பிரியும் குக்கிராமங்களின் பெயர், சர்வே எண்கள் மூன்றும் ஏறியிருக்கிறதா என்று படித்து, பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்த பிறகே எழுந்திருங்கள். ‘தலைவர் இல்லை, அவருக்குப் பதில் அரசு போட்ட தனி அலுவலர்தான்’ என்று தட்டிக்கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிராம சபை வாக்காளர்களின் சபை.

அடுத்த முட்டுக்கட்டை மக்கள்தொகை. 2011 கணக்கு வருவாய்க் கிராமத்துக்குத்தான் கிடைக்கும். குக்கிராமத்துக்குத் தனி எண்ணிக்கை கேட்டால் விஏஓ கையை விரிப்பார். வாக்காளர் பட்டியல் பாகம், ரேஷன் கார்டு எண்ணிக்கை, வீட்டு வரி ரசீதுகள் மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.

வரவையும் பாருங்கள். கிரானைட் குவாரியோ, ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனியோ எல்லைக்கு அந்தப்புறம் போனால் வருமானமும் அதோடு போகும். மோட்டார் கரண்ட் பில்லும் டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் உங்கள் தலையில் நிற்கும். தனி ஊராட்சி வந்தால் தனி ரேஷன் கடையும் விஏஓவும் வருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவை வேறு துறைகள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2026 ஜனவரி 1 முதல் 2027 மார்ச் 31 வரை எல்லை மாற்றம் கிடையாது. அதைக் காட்டி மனுவையே வாங்க மறுத்தால் விடாதீர்கள். ஆவணம் சேர்க்க அந்தக் காலம் போதும். மனு எண்ணுள்ள ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கோப்புக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து கோப்பு கிடக்கிறது என்பது அதில் தெரியும்.